கணக்கில் வரும் இரவுகள்

ஊரில் எங்களுக்கு ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக்கடை. மேசைக்கு ஒரு தட்டு நிறைய வடை வரும். எழும்பும்போது தட்டில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணிக் காசு வாங்குவார்கள். படுத்தெழும்புகிற இடத்துக்குப் பெயர் லொட்ஜ். அதனால்தான் பாரிஸில் ஒரு ரெஸ்ரோறண்டின் குசினியில் வேலை என்பதை ஊருக்கு ரெலிபோனில் சொல்லும்போது "ஹோட்டலிலை வேலை" என்றால் மறுபக்கத்தில் உடனே விளங்கிவிடுகிறது. கட்டிலும் துவாயும் திறப்பும் தருகிற ஹோட்டலில், விருந்தாளிகளாக, ஒரு இரவு தங்கவேண்டி வந்தபோது அதை எந்தச் சொல்லால் ஊருக்குச் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டோம். இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் குசினி. முதலில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, இப்போது அடுப்படிக்கு வந்திருப்பவர். மற்றவர் காலை 5 மணிக்கு அலுவலகக் கட்டடங்கள் துப்புரவாக்கப் போகிறவர். மூன்றாமவருக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவர். பாரிஸின் வடக்கே லா கூர்நேவில், ஒரு அறையும் ஒரு குசினியுமாக 27 சதுர மீற்றர் வீட்டில் இருக்கிறோம்.

வாடகை அறையில் இரவு கழிப்பது எங்களுக்குப் புதிதல்ல. முன்பு இரண்டு விதமாகக் கழித்திருக்கிறோம்.

முதலாவது கொழும்பு லொட்ஜ். பாஸ்போட்டுக்கு, விசாவுக்கு, ஏஜென்சிக்காரனைக் காண என்று வடக்குக் கிழக்கிலிருந்து போனவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் கிடந்தார்கள். அடையாள அட்டை இலக்கம், ஊர் விலாசம், வந்த காரணம், எத்தனை நாள் நிற்பது எல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதியது பொலிசுக்குப் போகும். 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி விடியப்புறம் பொலிசார் அந்த லொட்ஜுகளுக்குள் புகுந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கொழும்பில் நிற்பதற்கு அவர்களிடம் தகுந்த காரணம் இல்லையாம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் ஒரு இரவில் வாழ்க்கையை ஒரு பைக்குள் அடுக்கச் சொன்னதை எந்த நீதிமன்றமும் திருப்பி எடுக்க முடியாது. எங்களில் ஒருவரின் குடும்பம் அந்தக் கிழமைதான் வெள்ளவத்தையில் நின்றது. அன்றிலிருந்து அவர் எந்தப் புத்தகத்தில் பெயர் எழுதினாலும் எழுத்து சிறிதாகிவிடுகிறது.

இரண்டாவது பிரான்சில். 2017 இல், அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த காலம், பிள்ளை வயிற்றில். 115 என்பது இந்த நாட்டில் தங்க இடமில்லாதவர்கள் கூப்பிடும் இலவச இலக்கம். அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் ஒரு ஹோட்டல் அறை கிடைத்தது. புறநகரில், பெருந்தெருவோரத்தில், மலிவுச் சங்கிலி ஹோட்டல். அறையில் சமைக்கக்கூடாது. ஆள் வந்து பார்க்கக்கூடாது. நாங்கள் றைஸ்குக்கரைக் குளியலறைக்குள் வைத்து, கதவை இறுக்கிச் சாத்தி, புகை காட்டும் கருவிக்கு முகம் காட்டாமல் சோறு ஆக்கினோம். பதினொரு மாதத்தில் நாலு ஹோட்டல் மாறினோம். பிள்ளை மூன்றாவது ஹோட்டலில் இருக்கும்போது பிறந்தது. அதே 2017 இல்தான் அக்கோர் என்ற பெரிய பிரெஞ்சு ஹோட்டல் கொம்பனி தன்னுடைய 62 'ஃபோர்முல 1' ஹோட்டல்களை ஒரேயடியாக விற்றது. வாங்கிய முதலீட்டு நிதியம் அவற்றை வீடற்றவர்களுக்கும் அகதிகளுக்குமான அவசரத் தங்குமிடங்களாக மாற்றியது. வியாபாரப் பயணிகள் படுக்க விரும்பாத கட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

இந்த இரண்டுக்கும் பிறகு மூன்றாவதாக வந்தது, அண்ணையின் பொயின்ற்ஸில் கிடைத்த இரவு.

*

அண்ணை என்பது பெரியம்மாவின் மகன். 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரி, பிறகு வன்னி, 1997 இல் கனடா. ரொறன்ரோவில் பொதி கட்டும் இயந்திரங்கள் விற்கும் ஒரு கொம்பனியில் வேலை. சிக்காகோ, மொன்றியல், டலஸ் என்று மாதத்தில் பாதி நாள் பெட்டியோடு திரிபவர். போன வருடம் பாரிஸில் ஒரு கலியாணவீட்டுக்கு வந்தார். வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, உங்களுக்கு இடைஞ்சல் தரேல்லை. நான் ஹோட்டலிலை நிக்கிறன். என்னட்டைப் பொயின்ற்ஸ் நிறையக் கிடக்கு. உங்களுக்கும் ஒரு றூம் போடுறன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஒருவர் லொட்ஜில் தங்கினால், இரண்டு குடும்பத்துக்கும் கதை பேச்சு இல்லை என்றுதான் ஊர் முடிவெடுக்கும். பெரியம்மா வீட்டில் கல்லு விறாந்தையில் பாய் போட்டுப் பதினைந்து பேர் படுத்த காலம் உண்டு. யார் வந்தாலும் ஒரு பாய் கூடும், அவ்வளவுதான். லா கூர்நேவ் வீட்டில் ஒரு ஆள் கூடுதலாகப் படுக்கவேண்டுமானால் மேசையின் காலைக் கழற்றவேண்டும். அண்ணைக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் இடைஞ்சல் என்ற சொல்லை நாங்கள் சொல்ல முன்னம் தானே சொன்னார். விருந்தாளியாக வருகிறவர் எங்களுடைய நகரத்தில் எங்களுக்கே விருந்து வைக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை, ஹோட்டலில் குளிக்கும் தொட்டி இருக்குமா என்று கேட்டது. சரி என்று சொல்லிவிட்டோம்.

ஹோட்டல், நகரத்தைச் சுற்றி ஓடும் பெரிபெரிக் வளையவீதிக்குப் பக்கத்தில். அந்த வீதி 1973 இல் முழுதாகத் திறக்கப்பட்டது. அதன் கரையில் அப்போது எழும்பிய உயரமான கொங்கிறீற் ஹோட்டல்களில் ஒன்று. உலகம் முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு சங்கிலியின் பெயர் கூரையில் எரிகிறது. ஒரு எழுத்து எரியவில்லை. பெயர் இங்கே தேவையில்லை. மூன்று லிஃப்டில் ஒன்று வேலை செய்யவில்லை. விறாந்தைக் கம்பளத்தில் மண்ணிறமும் செம்மஞ்சளுமாக வட்டங்கள். ஆட்கள் அதிகம் நடக்கும் நடுப்பகுதியில் வட்டங்கள் தேய்ந்து போயிருந்தன.

வரவேற்பு மேசையில் நின்ற இளைஞன் அண்ணையின் அட்டையைக் கண்டதும் எழும்பி நின்றான். "மீண்டும் எங்களோடு தங்குவதற்கு நன்றி" என்றான். அண்ணை அந்த ஹோட்டலுக்கு முதல்தரம் வருகிறார். ஆனாலும் கொம்பியூட்டருக்கு அவரைத் தெரியும். எந்த மாடி பிடிக்கும், எத்தனை தலையணை என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. எங்களுக்கு ஒரு படிவம் தந்தான். வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்கினால் நிரப்பவேண்டிய பொலிஸ் படிவம். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், நாட்டுரிமை, வீட்டு விலாசம். ஹோட்டல்காரர் அதை ஆறு மாதம் வைத்திருந்து பொலிஸ் கேட்டால் கொடுக்கவேண்டும். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பெயர் பெற்றோரின் படிவத்திலேயே வரும். கனடாப் பாஸ்போட் வைத்திருந்த அண்ணைக்கும் அதே படிவம்தான். அவர் ஒரு கையால் ரெலிபோனில் கதைத்தபடி மறு கையால் நிரப்பிக் கொடுத்தார். எங்களில் ஒருவரின் எழுத்து வழக்கம்போலச் சிறிதாகியது.

அறைக்குக் காசில்லை. நகரத்துக்குக் கட்டவேண்டிய தங்கல் வரி மட்டும், வளர்ந்தவர்களுக்குத் தலைக்குச் சில ஈரோ. பிள்ளைகளுக்கு இல்லை. அண்ணை பையைத் திறக்க முன்னம் அவருடையதையும் சேர்த்து நாங்கள் கட்டிவிட்டோம். அந்த இரண்டு நாளில் அவருக்கு நாங்கள் கொடுக்க முடிந்த விருந்தில் அது ஒன்று. அவரும் அதை விளங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

*

அட்டையின் சலுகைகளைச் சொல்லவேண்டும். அறை உயர்த்தப்பட்டது. அதாவது நாலாம் மாடி அறைக்குப் பதிலாக ஒன்பதாம் மாடியில் அதே அறை, ஒரு கேத்தில் கூட. இரண்டு சிறிய தண்ணீர்ப் போத்தல். மதுச்சாலையில் ஒரு பானம் குடிக்கக் கடதாசித் துண்டுகள். காலைச் சாப்பாடு. அடுத்த நாள் மற்றவர்கள் மதியம் 12 மணிக்கு வெளியேற, நாங்கள் பின்னேரம் 4 மணிவரை இருக்கலாம்.

அறையில் பழைய காலம் அப்படியே நின்றது. குளியலறைச் சுவரில், கழிப்பறைக்குப் பக்கத்தில், ஒரு ரெலிபோன். எடுத்துப் பார்த்தோம், சத்தமில்லை. காற்சட்டை அழுத்தும் கருவி ஒன்று சுவரோடு பொருத்தியிருந்தது. யன்னல் ஒரு சாண் மட்டும் திறந்தது. குளிக்கும் தொட்டியின் அடிப்பாகம் மஞ்சள். பிள்ளை அதற்குள் ஒரு மணித்தியாலம் கிடந்தது. லா கூர்நேவில் எங்களுக்கு நின்று குளிக்கும் மூலைதான். தண்ணீர் காதுவரை ஏறுவதை அது தன் வாழ்க்கையில் முதல்தரம் கண்டது. அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அந்தத் தேய்ந்த கம்பளத்தையும் எரியாத எழுத்தையும் நாங்கள் மன்னித்துவிட்டோம்.

இப்படியான ஹோட்டல்கள் ஏன் பழையதாகவே கிடக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கூரையில் எரியும் பெயர்தான் கட்டடத்தின் சொந்தக்காரர் என்று வெளியில் நிற்பவர் நினைப்பார். பெரும்பாலும் அப்படி அல்ல. பெரிய சங்கிலிகள் பெயரையும் பதிவு முறையையும் அட்டையையும் வைத்துக்கொண்டு, கட்டடத்தை வேறு முதலீட்டாளர்களிடம் விட்டுவிட்டன. அக்கோர் கூட 2018 இல் தன் கட்டடங்களை வைத்திருந்த கொம்பனியின் பெரும்பங்கை விற்றுவிட்டது. கம்பளத்தை மாற்றும் செலவு கட்டடக்காரருடையது. கம்பளம் நல்லாயிருக்கவேண்டும் என்ற ஆசை பெயர்க்காரருடையது. இருவரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, ஆட்கள் தேய்ந்த வட்டங்களில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

எல்லா ஊரிலும் ஒரே அறை என்ற யோசனை அமெரிக்காவில் வந்தது. மெம்பிஸ் நகரத்துக் கெமன்ஸ் வில்சன் என்பவர் 1951 இல் ஐந்து பிள்ளைகளோடு காரில் பயணம் போனபோது, வழிநெடுகிலும் விடுதிகளில் பிள்ளைக்கு 2 டொலர் என்று மேலதிகமாக வாங்கினார்களாம். கோபத்தோடு வீடு வந்தவர் 1952 இல் முதலாவது 'ஹொலிடே இன்'னைத் திறந்தார். பிள்ளைகளுக்குக் காசில்லை, எங்கே போனாலும் அதே கட்டில், அதே சுத்தம். பிரான்சில் போல் டுப்ரூலும் ஜெரார் பெலிசோனும் அந்த யோசனையை எடுத்து 1967 இல் லீல் நகரத்துக்குப் பக்கத்தில் முதலாவது நொவோட்டலைக் கட்டினார்கள். அக்கோர் அதிலிருந்துதான் வளர்ந்தது.

பொயின்ற்ஸ் பிறகு வந்தது. விமானத்தில் பறந்த மைல்களை எண்ணிப் பரிசு கொடுக்கும் திட்டத்தை அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1981 இல் தொடங்கியது. 1983 இல் ஹொலிடே இன்னும் மரியட்டும் இரவுகளை எண்ணத் தொடங்கின. எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர். அவருக்கு இதன் சூத்திரம் பிடித்திருந்தது. அறைக்குக் காசு கொடுப்பது கொம்பனி. எந்த ஹோட்டல் என்று தெரிவு செய்வது கொம்பனியின் வேலையாள். ஆகவே ஹோட்டல் காசு கொடுப்பவருக்கு விலையைக் குறைக்காமல், தெரிவு செய்பவரின் சட்டைப் பைக்குள் பரிசைப் போடுகிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் விசுவாசம். அண்ணையின் கையில் இருப்பது விசுவாச அட்டை.

1983 என்றதும் எங்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. யூலைக் கலவரம் முடிந்த கையோடு, ஓகஸ்டில், இலங்கைப் பாராளுமன்றம் ஆறாவது திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்யாத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். ஒரே வருடத்தில் ஒரு இடத்தில் விசுவாசத்துக்குத் தண்ணீர்ப் போத்தலும் காலைச் சாப்பாடும். இன்னொரு இடத்தில் விசுவாசத்தைச் சொல்லாதவனுக்கு வெளிவாசல். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலேயும் விசுவாசத்துக்கு எதிர்ச்சொல் துரோகம் என்றுதான் ஆகியது. அந்தச் சொல்லோடு எத்தனை மின்கம்பங்களில் ஆட்கள் கட்டப்பட்டார்கள் என்பது இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். எதற்கும் விசுவாசமாக இருக்கிறோம் என்று சொல்ல நாக்கு எழும்பாத தலைமுறை எங்களுடையது. அண்ணை அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்: "கனடாவிலை சிற்றிசன் எடுக்கேக்கை ராணிக்கு விசுவாசம் எண்டு கையைத் தூக்கினன். அதுக்குப் பிறகு இந்த ஹோட்டலுக்குத்தான்."

*

இரவு கடதாசித் துண்டுகளைக் கொடுத்துக் கீழே இரண்டு பியரும் ஒரு தோடம்பழச் சாறும் வாங்கிக்கொண்டு அண்ணையின் அறையில் இருந்தோம். வெளியே பெரிபெரிக்கில் ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சமும் மறுபக்கம் சிவப்பு வெளிச்சமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளை ஈரத்தலையோடு நித்திரை.

"உது எனக்கு வீடு மாதிரி" என்றார் அண்ணை. "எந்த ஊருக்குப் போனாலும், இருட்டிலை எழும்பினாலும், சுவிச் எங்கை இருக்கெண்டு கை போகும்."

அவர் அப்படிச் சொன்னதும் நாங்கள் பெரியம்மா வீட்டுச் சுவிச்சைப் பற்றிக் கதைத்தோம். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபிறகு அது வருடக்கணக்காகச் சுவரில் சும்மா இருந்தது. கறுத்த, உருண்டைச் சுவிச். மின்சாரம் இல்லாத வீட்டில் பிறந்த எங்களுக்கு அது சுவருக்கு ஒரு அலங்காரம் என்றே எண்ணம். ஜாம் போத்தல் விளக்கில் அண்ணை படித்துக்கொண்டிருக்க, நாங்கள் அந்தச் சுவிச்சை மேலும் கீழும் தட்டி விளையாடுவோமாம். அவர் ஒருநாள் எங்களுக்கு அடித்ததாகச் சொன்னார். "வெளிச்சம் வாற மாதிரி ஒவ்வொரு தரமும் நிமிந்து பாத்தனான். அதுதான் கோவம்."

பிறகு மார்கழிக் கதையைச் சொன்னார். அட்டையின் தரம் நிலைக்க வேண்டுமானால் வருடத்துக்கு இத்தனை இரவு என்று கணக்கு உண்டு. 2020 இல் கொரோனா வந்து, கூட்டங்கள் எல்லாம் திரைக்குள் போனபிறகு, அவருடைய கொம்பனி முன்போலப் பயணம் அனுப்புவதில்லை. வருடக் கடைசியில் பார்த்தால் நாலு இரவு குறைகிறது. அண்ணை என்ன செய்தார் என்றால், ஸ்காபரோவில் தன்னுடைய வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் இருக்கும் அதே சங்கிலி ஹோட்டலில் தன்னுடைய காசில் அறை எடுத்து, நாலு இரவு தனியாகப் போய்ப் படுத்திருக்கிறார்.

"அண்ணி என்ன சொன்னவ?"

"மீற்றிங் எண்டு சொன்னன்." கொஞ்சம் பொறுத்து, "பிள்ளையள் நான் இல்லையெண்டு கவனிச்சதுகளோ தெரியேல்லை" என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு படுக்கையறை வீடு, ஒரு கராஜ், அடமானக் கடன் முடிய இன்னும் ஒன்பது வருடம். அந்த வீட்டை வாங்கத்தான் அந்த மனிதர் வருடத்தில் அறுபது, எழுபது இரவு வெளியில் படுத்தார். படுத்துப் படுத்து வீட்டுக்குள் அவருடைய இடம் மூடிக்கொண்டுவிட்டது, வெட்டிய வாய்க்கால் பாவிக்காமல் விட்டால் தூர்ந்துபோவதைப் போல. ஹோட்டல் மட்டும் அவருடைய ஒவ்வொரு இரவையும் பிசகாமல் எண்ணி வைத்திருக்கிறது. மீண்டும் வந்ததற்கு நன்றி என்று சொல்கிறது. யாரோ எண்ணுகிறார்கள் என்பதற்காகத்தான் அவர் அந்த நாலு இரவைக் காசு கொடுத்து வாங்கினார் என்று எங்களுக்குப் பட்டது. சலுகைகளைப் பார்த்தால் அந்தக் காசுக்கு அவை கட்டுப்படியாகாது.

எங்களுடைய பதினொரு மாதத்தைப் பற்றி அவருக்கு அப்போதுதான் முழுதாகச் சொன்னோம். றைஸ்குக்கர், நாலு ஹோட்டல், பிள்ளை பிறந்தது. ரெலிபோனில் அந்த நாட்களில் "நல்லாயிருக்கிறம்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். அண்ணை விரல்களில் எண்ணிப் பார்த்தார். "முன்னூற்றிச் சொச்சம் இரவு. என்ரை அட்டையிலை எண்டா உலகத்திலை ஆருக்கும் இல்லாத தரம்." சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பி, அந்த ஒரு சாண் இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

*

காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் குசினிக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே தமிழ்ப் பாட்டுக் கேட்டது. கோப்பை கழுவும் இயந்திரம் சுற்றி முடித்து மூச்சு விடும் சத்தம் எங்களில் ஒருவருக்கு எந்தக் கூட்டத்திலும் கேட்கும். மேசைகளில் பாதி தின்ற குறுவாசோன்களையும் தொட்டுக்கூடப் பார்க்காத முட்டைகளையும் பார்த்தபோது, அவற்றை வழித்துக் கொட்டப்போகிற கை எங்களுடையதாகவே தோன்றியது. நாங்கள் எங்கள் மேசைக் கோப்பைகளை அளவு பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு எழும்பினோம். உள்ளே நிற்பவருக்கு அது யார் செய்த வேலை என்று விளங்கியிருக்கும்.

பத்தரைக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. துப்புரவு செய்யும் பெண், மாலி நாட்டவர், ஐம்பது வயது இருக்கும். எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று கேட்டார். எங்களுக்கு 4 மணிவரை இருக்கிறது என்று பிள்ளை பெருமையாகச் சொன்னது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுக் கையிலிருந்த தாளில் எங்கள் அறைக்கு எதிரே ஒரு அடையாளம் போட்டார். அந்த அடையாளத்தின் அர்த்தம் எங்களில் துப்புரவு வேலைக்குப் போகிறவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்குக் கணக்கு, அறைக்கு. அறை முடியாமல் வேலை முடியாது. நாங்கள் 4 மணிவரை தொட்டியில் கிடந்தால் அவர் அந்தத் தள்ளுவண்டியோடு இந்த மாடிக்கு மறுபடி வரவேண்டும். அண்ணைக்கு ஹோட்டல் கொடுக்கும் சலுகையை உண்மையில் கொடுப்பவர் அவர்தான்.

பாரிஸில் இதற்காக நடந்த ஒரு சண்டை பிரசித்தமானது. 2019 யூலை 17 ஆம் திகதி, பத்திஞ்ஞோல் பகுதி இபிஸ் ஹோட்டலில் துப்புரவு செய்த ஏறக்குறைய இருபது பேர், பெரும்பாலும் ஆபிரிக்கப் பெண்கள், வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்கள் ஹோட்டலின் வேலையாட்கள் அல்ல, உபஒப்பந்தக் கொம்பனியின் ஆட்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மூன்றரை அறை முடிக்கவேண்டும் என்ற கணக்குக்கு எதிராகத்தான் முக்கியமாக நின்றார்கள். போராட்டம் 22 மாதம் இழுபட்டது. 2021 மே மாதம் கையெழுத்தான உடன்பாட்டில் அது மணிக்கு மூன்று அறையாகக் குறைந்தது. சம்பளம் கூடியது, சாப்பாட்டுக்கு நாளுக்கு 7.30 ஈரோ கிடைத்தது. ஹோட்டலே நேரடியாக வேலைக்கு எடுக்கவேண்டும் என்ற கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. அவர்களுக்காகப் பேசிய ரஷெல் கெகே, ஐவரி கோஸ்டில் பிறந்தவர், 2022 யூனில் ஒரு முன்னாள் அமைச்சரைத் தோற்கடித்துப் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 2024 தேர்தலில் அந்த இடத்தை இழந்தார். அரை அறையைக் குறைக்க 22 மாதம். ஆனால் அந்த அரை அறை என்பது முதுகுக்கு என்னவென்று அதைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் பதினொரு மணிக்கே பெட்டியை மூடினோம். பிள்ளைக்குக் கண்ணீர். துவாய்களை ஒரு குவியலாக்கி, கட்டிலை விரித்து ஒழுங்குபடுத்தப் போன எங்களில் ஒருவரை அந்தப் பெண் கையைப் பிடித்து நிறுத்தினார். "விரிக்காதே அம்மா, எப்படியும் நான் கழற்றத்தானே வேண்டும்" என்றார் பிரெஞ்சில். இருவரும் சிரித்துவிட்டு, முழங்கால் நோவுக்கு எந்தத் தைலம் நல்லது என்று கதவடியில் நின்று கதைக்கத் தொடங்கினார்கள். அண்ணை பெட்டியோடு லிஃப்டடியில் காத்துநின்றார்.

கலியாணவீடு முடிந்த அடுத்த நாள் அவரை லா கூர்நேவுக்குக் கூட்டிவந்தோம். விமானம் இரவுதான். மேசைக் காலைக் கழற்றி மெத்தையை விரித்துவிட்டோம். நண்டுக் குழம்பும் சோறும் தின்றுவிட்டு, பின்னேரம் மூன்று மணித்தியாலம் குறட்டை விட்டுப் படுத்தார். எழும்பும்போது பொழுதுபட்டிருந்தது. கை சுவரில் சுவிச்சைத் தேடியது. பிள்ளை போட்டுவிட்டது.

போன மாதம் ரெலிபோனில் இந்த வருடக் கணக்கைச் சொன்னார். இன்னும் ஐந்து இரவு குறைகிறதாம். மார்கழியில் இங்கே வந்து அந்த ஐந்து இரவும் எங்களோடு நில்லுங்கோ என்று சொன்னோம். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது, நிலத்தில் ஒருவரோடு ஒருவர் முட்டுப்பட்டுத்தான் படுக்கவேண்டியிருக்கும். பொயின்ற்ஸ் வராது.

பார்ப்பம் என்றார். ரிக்கற் இன்னும் எடுக்கவில்லை. அட்டையும் இன்னும் கைவிட்டதாகத் தெரியவில்லை.